மதிலுக்குள் ஒரு வீடு

பழைய மகாபலிபுரம் சாலையை (ஓ.எம்.ஆர்.) ஒட்டி, தென்சென்னையின் புறநகரில், மதில் சூழ்ந்த குடியிருப்பில் வீடு வாங்குகிறவர் ஒரே பத்திரத்தில் மூன்று பொருள்களை வாங்குகிறார். முதலாவது நான்கு சுவர். இரண்டாவது, மொத்த மனையில் பிரிக்கப்படாத பங்கு. தரகர் முதல் வங்கி மேலாளர் வரை அதை யுடிஎஸ் என்பார்கள். மூன்றாவது, குடியிருப்போர் சங்கத்தில் ஓர் இடம். அந்தச் சங்கம் விதிகளை இயற்றும், கட்டணம் வசூலிக்கும், வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்கும். முதல் இரண்டையும் வழக்கறிஞர் பார்த்துச் சொல்லிவிடுவார்: மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, ரெரா பதிவு எண் என்று அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கொள்முதலில் அறம் சார்ந்த சிக்கல் என்று ஒன்று இருந்தால், அது அதிகமும் அங்கேதான் இருக்கிறது.

திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு நல்லதா என்ற கேள்வி மெய்யியலுக்குப் புதிதல்ல. அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில் மிலேட்டஸ் நகரத்து ஹிப்போடாமஸ் என்பவரை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறார். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குத் தெரு வகுத்தவர் அவர். 10,000 குடிமக்கள் கொண்ட ஒரு நகரை அவர் கற்பனை செய்தார். மக்களைக் கைவினைஞர், உழவர், போர்வீரர் என மூன்றாகவும், நிலத்தைக் கோயிலுக்கு, பொதுவுக்கு, தனியாருக்கு என மூன்றாகவும் பிரித்தார். அரிஸ்டாட்டிலின் ஆட்சேபம் இந்தக் கணக்கில் விழுகிறது. ஆயுதம் இல்லாத உழவரும், ஆயுதமும் நிலமும் இல்லாத கைவினைஞரும் நாளடைவில் ஆயுதம் உள்ளவருக்கு அடிமையாகிவிடுவார்களே என்கிறார் அவர். நிலத்தைப் பிரித்து வரையும் கோடு ஆட்களையும் பிரித்துவிடும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்றைய புறநகர் விளம்பரங்களில் வரும் பூங்கா, நிழற்சாலை, நடந்தே போகும் தூரத்தில் பள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் மூலம் எபனேசர் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். 1898-இல் வெளியான தம் நூலில் அவர் வரைந்த தோட்ட நகரம் 6,000 ஏக்கரில் 32,000 பேருக்கானது. அதில் ஆறில் ஒரு பங்கு நிலம் மட்டுமே ஊர். மற்றது வயலும் மேய்ச்சலும். 1903-இல் லெட்ச்வொர்த்தில் அந்த முயற்சி தொடங்கியது. ஆனால் ஹோவர்டுக்கு மரங்களைவிட முக்கியமானது நிலத்தின் உடைமை. நிலம் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கும், குடியிருப்பவர் வாடகை செலுத்துவார், ஊர் வளர வளர உயரும் நிலமதிப்பு ஊருக்கே திரும்பும் என்பது அவருடைய திட்டத்தின் உயிர். பின்னால் வந்த கட்டுநர்கள் மரங்களை வைத்துக்கொண்டு அறக்கட்டளையை விட்டுவிட்டார்கள். இன்று புறநகரில் வீடு வாங்குவதற்குச் சொல்லப்படும் முதல் காரணமே, ஐந்து ஆண்டில் விலை ஏறும், அந்த ஏற்றம் தனக்கே என்பதுதான்.

விலையேற்றம் அவ்வளவாக உறுத்தாதவர்களுக்கும் உறுத்தக்கூடிய கேள்வி, அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது. மதில் குடியிருப்பின் விற்பனைப் பேச்சில் 'ஒரே மாதிரியான ஆட்கள்' என்ற சொற்றொடர் தவறாமல் வரும். வருமானம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சில இடங்களில் அது உணவையும், உணவின் வழியே சாதியையும் மதத்தையும் குறிக்கும். பாரம்பரிய சமய நெறிகள் இந்த ஆசையை முற்றிலும் மறுக்கவில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் 'ஷுஃபா' என்ற உரிமை உண்டு. ஒருவர் தம் சொத்தை அயலாருக்கு விற்க முனைந்தால், அதே விலைக்குத் தனக்கே தரும்படி பங்காளி கேட்கலாம். ஹனஃபி மரபில் ஒட்டி வாழும் அண்டை வீட்டாரும் கேட்கலாம். அறியாத ஒருவர் பக்கத்தில் வந்து குடியேறுவதால் தொல்லை நேரலாம் என்பதே அதன் அடிப்படை. பஞ்சாப், ஐக்கிய மாகாணம் போன்ற இடங்களில் சட்டமாகவும் வழக்கமாகவும் இந்த உரிமை நீண்டகாலம் நிலவியது.

1962-இல் பாவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் அண்டை வீட்டார் என்பதற்காக இந்த முன்னுரிமை கோர முடியாது என்றது. பங்காளிகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது. வேறு மதத்தவரும் சாதியினரும் வந்துவிடாமல் தடுப்பதே அண்டை உரிமையின் பழைய பயன் என்றும், அந்தப் பயனை அரசியலமைப்பு ஏற்காது என்றும் அதன் தர்க்கம் சென்றது. ஆனால் 2005-இல் அகமதாபாத்தின் ஸொராஸ்டிரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் எதிர்த்திசையில் போயிற்று. பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற சங்க விதி செல்லும், சங்கம் அமைக்கும் உரிமையில் யாரோடு சேர்வது என்பதும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. எண்ணிக்கையில் சுருங்கிவரும் ஒரு சிறு சமூகம் தன் வழிபாட்டையும் வாழ்முறையையும் காக்க ஒரு தெருவில் சேர்ந்திருக்க விரும்புவதைப் புரிந்துகொள்ளலாம். அதே தீர்ப்பின் நிழலில், யாராலும் அச்சுறுத்தப்படாத பெரும்பான்மையினர் தங்களுக்குள் மட்டும் வீடு விற்றுக்கொள்ளும்போது அந்த நியாயம் அவர்களுக்குப் பொருந்தாது. சட்டம் இரண்டுக்கும் ஒரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

எண்ணம் கெட்டதாக இல்லாவிட்டாலும் விளைவு கெடலாம் என்பதை தாமஸ் ஷெல்லிங் 1971-இல் ஒரு கட்டக் கணக்கால் காட்டினார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் காய்கள். ஒவ்வொரு காயும் தன் சுற்றத்தில் தன்னைப் போன்றவை ஓரளவு இருந்தால் போதும் என்று மட்டுமே விரும்புகிறது. கலந்து வாழ்வதில் எதற்கும் வெறுப்பில்லை. இருந்தும் நகர்ந்து நகர்ந்து கடைசியில் பலகை இரண்டு தனித் திட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. யாரும் விரும்பாத பிரிவினையை எல்லோருடைய மெல்லிய விருப்பங்களும் சேர்ந்து உண்டாக்குகின்றன. வெறுப்பு நேரடியாக ஒப்பந்தத்தில் ஏறிய கதையும் உண்டு. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் முதல் குத்தகைப் பத்திரங்களே வெள்ளையர் அல்லாதவர் வசிப்பதைத் தடுத்தன. பென்சில்வேனியாவில் அதே நிறுவனம் கட்டிய லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் முதல் கறுப்பினக் குடும்பம் குடிவந்தபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. கட்டியவரான வில்லியம் லெவிட் யூதர். பாகுபாடு தமக்கு உடன்பாடில்லை என்றே சொன்னார். வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதுதான் தம் தொழில், இனச் சிக்கலைத் தீர்ப்பது அல்ல என்பது அவர் நிலை. வாங்கியவர்களில் பலரும் ஏறத்தாழ அதையே சொல்லியிருப்பார்கள்: வீடு வாங்கினோம், வேறொன்றும் செய்யவில்லை.

மைக்கேல் வால்சர் 1983-இல் எழுதிய 'நீதியின் களங்கள்' நூல் இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறது. நாட்டின் எல்லைச் சுவரை இடித்துவிட்டால் சுவர்களே இல்லாத உலகம் வந்துவிடாது. ஒவ்வொரு பேட்டையும் தன்னைச் சுற்றி ஒரு சிறு கோட்டையைக் கட்டிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அவர் காலத்தில் பேட்டைகள் திறந்தே இருக்கலாம், ஏனென்றால் நாடு மூடியிருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது. ஓ.எம்.ஆரில் நாட்டின் எல்லையும் இருக்கிறது, பேட்டையின் கோட்டையும் இருக்கிறது. அரசின் பொதுச் சேவைகள் மேல் நம்பிக்கை போனதுதான் காரணம் என்றால், வால்சரின் வாதத்தைச் சற்றுத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சாலையில் திட்டமிட்ட குடியிருப்புகள் இரண்டு வகை உண்டு என்பதை வீட்டு விளம்பரங்கள் சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் மென்பொருள் பூங்கா திறந்த காலத்தை ஒட்டியே, அதே சாலையில் கண்ணகி நகரும் எழத் தொடங்கியது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அரசு அங்கே கொண்டுவந்து சேர்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். இவையும் திட்டமிட்டவைதான். வரைபடம் உண்டு, பிளாக் எண் உண்டு, வீட்டுக்கு ஒரே அளவு உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: மதிலுக்குள் இருப்பவர் தம் அண்டை வீட்டாரைத் தேர்ந்துகொண்டு வந்தார், பெரும்பாக்கத்தில் இருப்பவருக்கு அண்டை வீட்டார் ஒதுக்கீட்டு ஆணையில் வந்தார். பழைய தெரு, பழைய கோயில், பழைய வேலை எல்லாவற்றிலிருந்தும் பிரித்து ஒரே நாளில் லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே பல. அண்டையைத் தேர்ந்துகொள்வது உரிமை என்றால், அது பணம் கொடுத்தவருக்கு மட்டும் கிடைக்கும் உரிமையாக இருக்கிறது. சந்தைப் பொருளை உரிமை என்று அழைப்பதில் மெய்யியலாளர்கள் தயங்குவது இதனால்தான்.

இரண்டு குடியிருப்புகளும் தினமும் காலையில் சந்திக்கின்றன. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பெண்கள் மதிலுக்குள் வீட்டு வேலைக்கு வருகிறார்கள். வாசலில் பெயர் பதிவு, அட்டை, சில இடங்களில் விரல் ரேகை. வீட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தகவல் போய்ச் சேர்ந்தபின் கதவு திறக்கும். வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் என்று சில கட்டடங்களில் காகிதம் ஒட்டியிருக்கும். திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே பழைய புடவையோ மீந்த இட்லிமாவோ இருந்தால், கொடுத்தவர் வாயிற்காவலரிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சோதனையை எந்தத் தனி மனிதரும் தீய எண்ணத்தோடு ஏற்படுத்தவில்லை. எப்போதோ ஒரு வீட்டில் நகை காணாமல் போயிருக்கும். பொதுக்குழுவில் யாரோ முன்மொழிந்திருப்பார். கை தூக்கியவர்கள் மற்ற வேலைகளுக்கு விரைந்திருப்பார்கள். ஆனால் விதி நின்றுவிடும், திருட்டு நடந்த ஆண்டு மறந்துபோன பின்னும்.

லூக்கா எழுதிய நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் செல்வந்தர் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தச் செல்வந்தர் கொடுமை செய்ததாக அங்கே எதுவும் சொல்லப்படவில்லை. புண்களோடு வாசலில் கிடந்த லாசருவை அவர் விரட்டவில்லை, அடிக்கவில்லை. வாசல் என்ற ஒன்று இருந்தது, லாசரு அதற்கு வெளியே இருந்தார், அவ்வளவுதான். இறந்தபின் நரகத்தில் இருந்துகொண்டு செல்வந்தர் லாசருவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். தண்ணீரோடு அவரைத் தம்மிடம் அனுப்பும்படி கேட்கிறார். ஆக, அவருக்கு லாசருவைத் தெரிந்தே இருந்தது. அந்தக் கதை கண்டிப்பது அறிந்தும் பாராத பழக்கத்தை. மேலும் ஒன்று: நரகத்திலும் அவருக்கு லாசரு வேலைக்கு அனுப்பப்படும் ஆளாகவே தெரிகிறார்.

திருக்குறளின் இல்லறவியலில் ஈகைக்கு முன் ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரம் இருப்பதை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரப்பவருக்குக் கொடுப்பது ஈகை. ஒப்புரவை உலகநடை அறிந்து செய்தல் என்று பரிமேலழகர் விளக்குவார். ஊரோடு ஒத்து, ஊருக்குப் பயன்பட வாழ்வது. அந்த அதிகாரம் ஒப்புரவாளரின் செல்வத்துக்குத் தரும் உவமைகள் மூன்று: ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம். மூன்றுக்கும் வேலி இல்லை. மதிலுக்குள் இருப்பவர் ஈகை செய்கிறார் என்பதில் ஐயமில்லை. தீபாவளிக்குப் புதுத்துணி, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு என்று வேலைக்கு வருபவர்களுக்குத் தாராளமாகவே உதவுகிறார்கள். சுவர் குறுக்கே நிற்பது ஒப்புரவுக்கு.

இதைக் கண்ணால் காண, ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து அது ஊர்ச் சொத்து. பல குடியிருப்புகளில் அந்த நிலம் மதிலுக்கு உள்ளே, ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்ட பூங்காவாக இருக்கும். விற்பனை அறையின் மாதிரிப் படத்தில் வசதிகளில் ஒன்றாகவும் காட்டப்பட்டிருக்கும். காகிதத்தின்படி கண்ணகி நகர்ச் சிறுவன் அங்கே விளையாடலாம். 'எந்த பிளாட்?' என்று காவலர் கேட்கும் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. வாங்குகிறவருக்கு அந்தப் பூங்கா பிடித்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று மகிழ்கிறார். ஊருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டதில் தமக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போகலாம். வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஓ.எஸ்.ஆர். என்று மூன்று எழுத்து மட்டும் போட்டிருக்கும்.

நிலத்தின் பழைய வரலாறு இன்னொரு சிக்கல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அது பல மடங்கு பரந்திருந்தது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். குப்பைக் கிடங்கு, சாலை, கல்வி நிறுவனங்கள், தொழில்நுட்ப வளாகங்கள், குடியிருப்புகள் என்று அரசும் தனியாரும் சேர்ந்தே அதைச் சுருக்கினார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. மதிலுக்குள்ளும் வந்தது, பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்துக்கும் வந்தது. பட்டா சுத்தமாக இருக்கலாம். மனையை உயர்த்தக் கொட்டிய மண் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிட்ட தண்ணீருக்குப் பட்டாவில் இடமில்லை.

'நான் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கப் போகிறார்கள். கட்டி முடித்த கட்டடம், என் ஒருவனால் என்ன ஆகிவிடும்?' என்பது இங்கே எழும் வழக்கமான பதில். டெரெக் பார்ஃபிட் 1984-இல் எழுதிய 'காரணங்களும் மனிதர்களும்' நூலில் இவ்வகைக் கணக்குப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். தனிச்செயலின் விளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருக்கலாம். ஆயினும் கூட்டாகத் தீங்கு செய்யும் செயல்களின் தொகுப்பில் அது ஒன்று என்றால், அந்தக் காரணத்துக்காகவே அது தவறாக முடியும் என்பது அவர் வாதம். இதை ஏற்றுக்கொண்டாலும் பொறுப்பின் அளவு எல்லோருக்கும் சமமாகிவிடாது. நீர்வழியை மறித்து வரைபடம் போட்டவரும், அதற்கு ஒப்புதல் தந்தவரும், இருபது ஆண்டுக் கடனில் ஒரு வீடு வாங்கியவரும் ஒரே தட்டில் நிற்கமாட்டார்கள். கடைசி ஆளின் தலையில் முழுப் பாவத்தையும் இறக்கிவைக்கும் அறவுரைகள் நம் பத்திரிகைகளில் அதிகம். முதல் இருவருக்கும் அவை மிகவும் வசதியானவை.

மதிலுக்குச் சாதகமான நியாயங்களையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்கலாம். பார்வை மங்கிய முதியவர் காலை இடறாத நடைபாதையில் போகலாம். பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் சைக்கிள் ஓட்டலாம். இவற்றை வெளியே தராத நகரத்தில் வாழ்ந்து துன்பப்பட வேண்டும் என்று எந்த அறநெறியும் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சுட்டிய ஆபத்து மட்டும் மீதி நிற்கிறது. ஒரு பொதுச் சேவை கெடும்போது, அதன் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்களே முதலில் விலகிப் போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து குரலும் போய்விடுகிறது. குழாய்நீர் வராத இடத்தில் தண்ணீர் லாரி வந்துவிட்டால் குழாயைக் கேட்பவர் குறைவார்கள். லாரி எந்தக் கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்பவர் அதைவிடக் குறைவு. ஓ.எம்.ஆரில் இது முழு உண்மை இல்லை என்பது ஆறுதல். அங்கே குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி, குழாய்நீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தொடர்ந்து குரல் எழுப்பி வந்திருக்கின்றன. லாரிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாததும் ஒரு காரணமாக இருக்கலாம். குழாய் பதிக்கப்பட்டால் அது மதிலுக்கு வெளியிலும்தான் ஓடும்.

இவ்வளவையும் எடைபோட்டால், மதில் குடியிருப்பில் வீடு வாங்குவது தன்னளவில் தவறு என்று சொல்ல இடமில்லை. எந்த மதிலும் ஒன்றுதான் என்று சொல்லவும் இடமில்லை. வெள்ளநீரையும் வாகனத்தையும் திருடனையும் தடுக்கும் சுவர் ஒரு வகை. குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதிக்கோ விற்காத, வேலைக்கு வருபவரை வேறு லிஃப்டில் ஏற்றும், ஊர்ப் பூங்காவைப் பூட்டிவைக்கும் சுவர் வேறு வகை. வாங்குமுன் எது எந்த வகை என்று கண்டறிய முடியும். சங்கத்தின் துணைவிதிகளைப் பிரதி கேட்டுப் படிக்கலாம். தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலத்தின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, அது மதிலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்கலாம். மழை பெய்து முடிந்த மறுநாள் பின்பக்கத் தெருவில் நின்றால், வளாகத்தின் தண்ணீர் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். கழிவுநீர் லாரி எங்கே கொட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டும் விற்பனைப் பிரிவில் விடை கிடைப்பது கடினம், ஓட்டுநர் சொல்வார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும் விஷயம் முடிந்துவிடவில்லை, ஏனென்றால் அவர் வாங்கியவற்றில் மூன்றாவது பொருளான சங்கத்து இடத்தோடு ஒரு வாக்கும் வருகிறது. பைச்சோதனையை நிறுத்த ஒரு தீர்மானம், லிஃப்டில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்க ஒரு தீர்மானம், பூங்காவுக்குத் தெருப்பக்கம் ஒரு வாசல் வைக்க ஒரு தீர்மானம் ஆகியவற்றை எந்த உரிமையாளரும் பொதுக்குழுவில் முன்வைக்கலாம். தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். முன்வைத்தவரை மற்றவர்கள் சில மாதங்களுக்கு ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பதும் உறுதி.